ஆப்பிரிக்கப் பத்திரிகைச் சுதந்திரம்: செய்தி படிக்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

‘அவதூறுச் சட்டம் ரத்து’ என்று ஏதோ ஒரு ஆப்பிரிக்க நாட்டிலிருந்து செய்தி வரும். அப்பாடா, இனி அங்கே நிருபர்களைப் பிடித்து உள்ளே போட மாட்டார்கள் என்று நினைத்துவிடுவோம். நானும் அப்படி ஏமாந்தவன்தான்.

கென்யாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவதூறைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 194 செல்லாது என்று 2017 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது. மறு வருடமே, 2018-ல், கணினிக் குற்றச் சட்டம் வந்தது. பொய் என்று தெரிந்தே ஒருவர் பெயரைக் கெடுக்கும் தகவலை வெளியிட்டால் 50 லட்சம் ஷில்லிங் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்றது அது. பழைய பிரிவில் அதிகபட்சமே 2 ஆண்டுதான்! சியரா லியோனிலும் இதே கதை. 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அவதூறுப் பகுதியை 2020-ல் தூக்கினார்கள், 2021-ல் சைபர் சட்டம் கொண்டுவந்தார்கள். கானா 2001-லேயே ரத்து செய்து நல்ல பேர் வாங்கியது. ஆனால் பொய்ச் செய்தியால் பீதி கிளப்புவதைக் குற்றமாக்கும் பிரிவு 208-ஐ அப்போது தொடவில்லை. ஆகவே எந்தச் சட்டம் போனது என்பதோடு நின்றுவிடாதீர்கள். கைதான நிருபர்மேல் போலீஸ் எந்தப் பிரிவைப் போட்டது என்று தேடுங்கள்.

அடுத்தது, தீர்ப்பைத் தலைப்போடு முடித்துக்கொள்வது. 2019 ஜனவரியில் ஜிம்பாப்வேயில் பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்துப் போராட்டம் வெடித்தது, அரசு இணையத்தைத் துண்டித்தது. 21-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. உலகமே கைதட்டியது. உள்ளே படித்தால் சங்கதி வேறு: உத்தரவு போட்ட அமைச்சருக்கு, அரசு காட்டிய சட்டப்படி அதிகாரம் கிடையாது, அது அதிபர் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். சரி, அதிபரே கையெழுத்துப் போட்டிருந்தால்? அந்தக் கேள்வி அப்படியே நின்றது.

தேதியையும் பாருங்கள். நைஜீரியாவில் ட்விட்டர் தடை 2021 ஜூனில் வந்து 2022 ஜனவரியில் நீங்கியது. தடை சட்டவிரோதம் என்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொது நீதிமன்றம் சொன்னது 2022 ஜூலையில். நீதிமன்றம்தான் தடையை உடைத்தது என்று எழுதுகிறவர்கள் காலண்டரைப் புரட்டவில்லை.

கைது இல்லையென்றால் பிரச்சினை இல்லை என்பதும் தப்புக்கணக்கு. தென்னாப்பிரிக்காவில் புலனாய்வு நிருபர் சாம் சோல் பேசிய போனை அரசு ஒட்டுக்கேட்டது. 2021 பிப்ரவரியில் அரசமைப்பு நீதிமன்றம் அந்த ஒட்டுக்கேட்புச் சட்டத்தில் பெரிய ஓட்டைகள் இருப்பதாகச் சொன்னது. அதில் ஒன்று: எல்லாம் முடிந்த பிறகாவது, உங்கள் பேச்சைக் கேட்டோம் என்று சம்பந்தப்பட்டவரிடம் தெரிவிக்கும் ஏற்பாடே அப்போது அதில் இருக்கவில்லை.