காளான் படுக்கைக் கழிவு: மக்க வைக்கும்போது எங்கே சொதப்புகிறோம்?

சென்னை வெக்கைக்கு ஈடுகொடுப்பது பால் காளான்தான். அறுவடை முடிந்ததும் உருளை உருளையாக வைக்கோல் மிஞ்சும். ‘காளானே தின்று தீர்த்ததுதானே’ என்று அதை உதிர்த்து நேரே மாடித்தோட்டத் தொட்டிகளில் கொட்டிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் கத்தரியின் அடி இலைகள் வெளுக்கத் தொடங்கும்.

காளான் தின்றது ஒரு பகுதியைத்தான். வைக்கோலின் கெட்டியான லிக்னினை உடைத்துவிட்டாலும், செல்லுலோஸ் நிறையவே மிச்சமிருக்கும். ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 40 பங்கு வாக்கில் கரிமம் (கார்பன்) இருக்கிற பொருள் அது. மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தோதானது 25 முதல் 30. பற்றாக்குறைக்கு அவை தொட்டி மண்ணில் கைவைக்கும், செடி பட்டினி கிடக்கும். சாணமோ, காய்கறிக் கழிவோ, கொஞ்சம் யூரியாவோ சேர்த்துக் குவித்து மக்கவைத்தால் கரிமம் கரியமில வாயுவாக வெளியேறி, விகிதம் 20-க்குக் கீழே இறங்கும்.

பலரும் செய்கிற, என் கணக்கில் ஆக மோசமான தவறு, ‘புளிப்பு போகட்டும்’ என்று சுண்ணாம்பு தூவுவது. போக்குவதற்கு அங்கே புளிப்பே இருக்காது. பால் காளான் படுக்கையின் மேல் பரப்பும் மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்புத் தூள் கலந்திருக்கிறது. போதாததற்கு, யூரியாவும் சாணமும் சிதையும்போது தழைச்சத்தின் ஒரு வடிவமான அம்மோனியம் உண்டாகி, காரத்தன்மை எண் (pH) 8-ஐத் தாண்டும். காரமும் சூடும் கூடக்கூட அம்மோனியம் வாயுவாகிப் பறந்துவிடும். குவியலைக் கிளறும்போது கண்ணைக் கரிக்கிறதே, அது காசு கொடுத்துப் போட்ட தழைச்சத்து காற்றில் போகிற நெடி. சுண்ணாம்பை விட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் வைக்கோலைக் கலந்தால் நெடி அடங்கும்.

குவியல் முழங்கால் உயரம்கூட இல்லையென்றால் சூடே ஏறாது. இடுப்பளவு குவித்தால் உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை போகும். அந்தச் சமயத்தில் நடுவில் சாம்பல் பூத்தாற்போல் வெள்ளை படரும். பூசணம் என்று பயந்து அள்ளி எறிய வேண்டாம், சூட்டை விரும்பும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியாக்கள்தான் அவை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மட்டும் தண்ணீர் அதிகம், காற்று போதவில்லை, கிளறிவிடுங்கள்.

சூடு தணிந்த அன்றே சலித்து மூட்டை கட்டுவதும் அவசரம். அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் 40 டிகிரிக்கு மேல் ஒழுங்காக வேலை செய்யாது. அவற்றின் முறை சூடு தணிந்த பிறகுதான் வரும். ஏறிய காரம் இறங்குவதும் அப்போதுதான். ஆனால் நைட்ரேட் தண்ணீரோடு ஓடிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குவியலைத் திறந்துபோட்டால் சத்தெல்லாம் மாடிக் குழாய் வழியே தெருவுக்குப் போகும். தார்ப்பாயை மேலே மட்டும் போர்த்தி, பக்கவாட்டைத் திறந்துவிடுங்கள்.

உப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடை பாதியாகச் சுருங்கும்போது வைக்கோலில் இருந்த பொட்டாசியம் எங்கும் போகாது, செறிந்துதான் நிற்கும். கடற்கரைப் பக்கத்து உப்பு போர்வெல் தண்ணீரைத் தெளித்து வந்தால் இன்னும் ஏறும். நகர்ப்புற மக்கு உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் உச்சவரம்பு, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனில் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ். அதை அளக்கும் கருவி இல்லாவிட்டால் ஒரு கிண்ணத்தில் அந்த உரமும் இன்னொன்றில் தோட்ட மண்ணும் நிரப்பி, இரண்டிலும் வெந்தயம் விதையுங்கள். உரத்தில் முளை கருகினாலோ பின்தங்கினாலோ, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு இன்னும் சில வாரம் ஆறப்போடுங்கள்.