விகானின் கால்யே கிரிசோலொகோ: காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை

பிலிப்பைன்ஸின் விகான் நகருக்குப் போவதாக இருந்தால் முதல் வேலையாக ஓர் இரவு அங்கே தங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நடுப்பகலில் வந்து இறங்கி, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுகிறவர்கள் கால்யே கிரிசோலொகோ என்ற பழைய தெருவில் பார்ப்பது பெரும்பாலும் கடை வாசல்களைத்தான்: தொங்கும் டி-ஷர்ட், சாவிக்கொத்து, மரப்பொம்மை. அந்தத் தெருவின் அழகெல்லாம் மாடியில் இருக்கிறது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்க, கூட்டமில்லாத நேரம் வேண்டும்.

மணிலாவிலிருந்து வடக்கே சுமார் 400 கிலோமீட்டர். விமானத்தில் லவோவாக் வரை போய், அங்கிருந்து இரண்டு மணி நேரம் தெற்கே சாலையில் வரலாம். ஆனால் நான் ராத்திரி பஸ்ஸைத்தான் சொல்வேன், எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்கிக்கொண்டு வந்தால் விடியும் வேளைக்கு ஊருக்குள் இருப்பீர்கள். பையை விடுதியில் போட்டுவிட்டு நேராக பிளாசா பர்கோஸ் சதுக்கத்துக்கு நடங்கள், தெருவின் வடக்கு முனை அதுதான். 1872-இல் ஸ்பானிய அரசு கழுத்தை நெரித்து மரண தண்டனை நிறைவேற்றிய மூன்று பாதிரியார்களில் ஒருவரான ஹோசே பர்கோஸ் பிறந்த ஊர் இது.

தெரு ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. அதனால் காலை வெயில் மேற்குப் பக்கத்து மாடிகள்மேல் விழும், மாலை வெயில் கிழக்குப் பக்கத்து மாடிகள்மேல். இரண்டு முறை நடக்கச் சொல்வது இதற்காகத்தான். காலையில் தெற்கு நோக்கிப் போங்கள், வலது கைப்பக்க வீடுகளை மட்டும் பாருங்கள், மற்ற வரிசை மாலைக்கு இருக்கட்டும்.

எதைப் பார்ப்பது? ஜன்னல்களை. கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் சிப்பி இருக்கும். காபிஸ் என்பார்கள், அந்தப் பக்கத்துக் கடலில் கிடைக்கும் ஒரு தட்டையான சிப்பியின் ஓடு, அதைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி மரச்சட்டத்தின் கட்டங்களில் வரிசையாகப் பொருத்தியிருப்பார்கள். சிப்பி வழியாக வெளிச்சம் உள்ளே போகும், கண்ணைக் கூசாது. கிட்டத்தில் பார்த்தால் நீர்மோர் நிறம், அதில் மெல்லிய வளையக் கோடுகள், ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது. ஜன்னல் கதவுகள் பக்கவாட்டில் நகரும். அதற்குக் கீழே, ஜன்னலின் கீழ் விளிம்புக்கும் மாடித் தரைக்கும் நடுவில், மரக்கம்பி வைத்த இன்னொரு சின்ன ஜன்னல், பெயர் வென்டனில்யா. மழைக்காக மேலே சாத்திவிட்டாலும் காற்று கீழ்வழியாக வரும். இதைப் புரிந்துகொண்ட பிறகு ஒவ்வொரு வீட்டிலும் கண் தானாக அங்கே போகும்.

அப்புறம் பார்வையைக் கீழே இறக்குங்கள். கனத்த செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புக் காரை. காரை உதிர்ந்த இடத்தில் செங்கல் தெரியும், எனக்கு அந்த இடங்கள்தான் பிடிக்கும். பெரிய இரட்டைக் கதவு வண்டி நுழைவதற்கு, அதற்குள்ளேயே ஆள் நுழைய ஒரு குட்டிக் கதவு. கீழ்த்தளத்தில் சரக்கும் வண்டியும், மாடியில் குடித்தனம். ஊரை 1572-இல் நிறுவியவர் ஸ்பானியத் தளபதி ஹுவான் தே சால்செதோ, ஆனால் இந்த வரிசை வீடுகளில் பெரும்பாலானவற்றைக் கட்டியவர்கள் அவுரியும் புகையிலையும் விற்றுச் செழித்த சீன வம்சாவளி வணிகக் குடும்பங்கள். ஸ்பானியர் போட்ட கட்டம் கட்டமான தெருக்களும் சீனரும் அந்தப் பகுதியின் பூர்வீக மக்களான இலோகானோக்களும் சேர்ந்து உண்டாக்கிய வீடுகளும் கலந்த இந்த ஊரை யுனெஸ்கோ 1999-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

தெருவில் கார், பைக் கிடையாது, குதிரை வண்டி உண்டு, கலேசா என்று பெயர். கல் பாவிய தெரு என்பதால் லாடச் சத்தம் முன்கூட்டியே கேட்டுவிடும், ஓரமாக ஒதுங்கிக்கொண்டால் போதும். தட்டையான அடிப்பாகமுள்ள செருப்பு போடுங்கள், மழை பெய்தால் கல் வழுக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். கலேசாவில் இந்தத் தெருவைச் சுற்றாதீர்கள், இது நடக்கவேண்டிய அரை கிலோமீட்டர். மணிக்கணக்கில் வாடகை பேசிக்கொண்டு, எத்தனை பேஸோ என்பதை ஏறும் முன்பே கேட்டுக்கொண்டு, பகல் வெயிலில் தூரத்து இடங்களுக்குப் போங்கள்: பர்னாய் என்ற மண் ஜாடி வனையும் பக்பர்னாயன், முன்னாள் அதிபர் எல்பிடியோ கிரினோவின் நினைவுகள் உள்ள சிக்கியா மாளிகை, பக்கத்து ஊரான பந்தாயின் மணிக்கூண்டு.

திறந்திருக்கும் கதவெல்லாம் கடை அல்ல, சில வீடுகளில் ஆட்கள் வாழ்கிறார்கள், கேட்டுவிட்டு நுழையுங்கள். எதையாவது வாங்கியே தீரவேண்டுமென்றால் ஆபெல் கைத்தறித் துணி வாங்குங்கள், விரித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து.

மாலையில் தெற்கு முனையிலிருந்து திரும்புங்கள், இப்போதும் வலது பக்கம்தான் வெயில். விளக்கு ஏற்றும்வரை நிதானமாக நடந்தால் பிளாசா பர்கோஸ் வந்துவிடும், எம்பனாடா என்ற பொரித்த பலகாரத்தின் கடைகள் அங்கேதான். ஆரஞ்சு நிற அரிசிமாவு மேலோடு, உள்ளே பச்சைப் பப்பாளி, முட்டை, பூண்டு மணக்கும் லொங்கனிசா என்ற இறைச்சித் தொத்திறைச்சி (சாஸேஜ்). இறைச்சி வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டிலேயே ஒரு மூலையைக் கடித்து, அந்த ஓட்டை வழியாகக் கரும்பு வினிகரை ஊற்றிச் சாப்பிடுங்கள்.