ஈர மரத்தைக் கரியாக்கும்போது எங்கே தவறுகிறோம்?

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கரி சுடுவது புதிதல்ல. தேங்காய்த் தொட்டியைக் காயவைத்து, காற்றுப் புகாமல் மூடிச் சுட்டுப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தோடு நீர்வெப்பக் கரியாக்கத்துக்கு வருகிறவர்கள் முதலில் செய்யும் வீண் வேலை, மரத்தூளைக் காயவைப்பதுதான். இதில் நெருப்பு மரத்தைத் தொடுவதே இல்லை. தூளும் தண்ணீரும் மூடிய கலத்துக்குள் 180 முதல் 250 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வெந்து, பழுப்பு நிலக்கரி போல் ஆகிவிடும். 1913-லேயே ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரீட்ரிக் பெர்கியஸ் விவரித்த முறை இது.

உயிருக்கே ஆபத்தான தவறு கலத்தில் இருக்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் எதையும் வெல்டிங் வைத்துச் செய்துவிடலாம் என்ற துணிச்சல் உண்டு. இங்கே அது வேண்டவே வேண்டாம். 200 டிகிரியில் உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 15 மடங்கு, 250-ல் ஏறக்குறைய 40 மடங்கு. சமையலறைக் குக்கரில் 2 மடங்குதான். பழைய டிரம், கேஸ் சிலிண்டர் எதுவும் தாங்காது. அழுத்தச் சோதனை செய்த கலமும் சேஃப்டி வால்வும் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். விளிம்புவரை நிரப்பவும் கூடாது. 250 டிகிரியில் தண்ணீர் கால் பங்கு பெருத்துவிடும். அதனால் மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். ஆறிய பிறகும் கரியமில வாயு உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும். திறந்த வெளியில் வைத்து, வால்வு வழியாக மெதுவாக வெளியேற்றிவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும்.

அப்புறம், கரியாவதை வேகப்படுத்தும் வினையூக்கி. கொஞ்சம் சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சை உப்பு, போதும். வேகம் வேண்டுமென்று ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே அரித்து விரிசல் விடவைக்கும். நம் போர்வெல் உப்புத் தண்ணீரிலும் அதே ஆபத்து. தென்னை நார்த்தூளில் உப்பு நிறைய இருப்பதால் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள்.

கலத்திலிருந்து வடியும் பழுப்புத் தண்ணீரை வாய்க்காலில் விடுவதை என்னால் பொறுக்கவே முடியாது. அசிட்டிக் அமிலம், ஃபீனால், ஃபர்ஃபுரால் எல்லாம் கலந்த தண்ணீர் அது. சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாம். அமிலம் ஏற்கெனவே அதில் இருப்பதால் அடுத்த ஈட்டுக்கு அதையே ஊற்றலாம். மிஞ்சுவதைச் சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும்.

கரியை பாய்லருக்குப் பயன்படுத்தலாம். தொட்டிக்கரியை விடப் புகை அதிகம். உரமென்று நினைத்துப் புதுக்கரியை நாற்றங்காலில் போட்டுவிடாதீர்கள், விதை முளைக்காமல் போகலாம்.