சிம் போர்ட் பண்றதுக்கு (அதே நம்பரோட வேற கம்பெனிக்கு மாறுறதுக்கு) முன்னாடி இதை செஞ்சு பாருங்க
கம்பெனிக்காரன் போடுற கவரேஜ் மேப்பை மட்டும் நம்பிடாதீங்க, அது உங்க தெருவோட நின்னுடும், பெட்ரூமுக்குள்ள டவர் எடுக்குமான்னு சொல்லாது. நான் அப்படி மாறிட்டு ஒரு மாசம் மொட்டை மாடிலதான் நின்னு பேசினேன் (கொசுக்கடி வேற). பக்கத்து வீட்ல யார்கிட்ட நீங்க மாறப்போற கம்பெனி சிம் இருக்கோ அவங்க போனோட சமையக்கட்டு வரைக்கும் நடந்து பாருங்க. ஸ்கிரீன் மேல தெரியுற சிக்னல் கோடுகளை எண்ணாதீங்க, ஆண்ட்ராய்டுன்னா செட்டிங்ஸ்ல சிம் ஸ்டேட்டஸ்ல டிபிஎம்னு (dBm, சிக்னல் எவ்வளவு பலம்னு காட்டும்) ஒரு நம்பர் இருக்கும், 4ஜில மைனஸ் 85 கிட்ட இருந்தா சூப்பர், மைனஸ் 110க்கு கீழ போச்சுன்னா கஷ்டம்தான். 1900க்கு மெசேஜ் போட்டு மாறிட்டா அடுத்த 90 நாள் அங்கேயேதான் கிடக்கணும், அதனால மொதல்ல அந்த கம்பெனியோட புது சிம் ஒண்ணு சின்ன ரீசார்ஜோட வாங்கி ரெண்டாவது ஸ்லாட்ல போட்டு ஆபீஸ், பஸ், மாமியார் வீடுன்னு எல்லா இடத்துலயும் பாத்துக்கோங்க.