ஆற்றுச் சேற்றைப் போத்தலில் அடைத்துப் பார்ப்போமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆற்றோரம் கால் புதைந்தால் மேலே பழுப்புச் சேறு, இரண்டு விரல் ஆழத்தில் கறுப்பு, கூடவே அழுகிய முட்டை நாற்றம். அழுக்கு என்று காலைக் கழுவிவிட்டுப் போய்விடுவோம். உண்மையில் அந்தக் கறுப்பு நுண்ணுயிர்களின் கைவேலை. அதை வீட்டு ஜன்னலோரமே பார்க்க ஒரு வழி உண்டு. 1880களில் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி கையாண்ட முறை இது.

சேறு எடுக்கும்போது ரப்பர் கையுறையும் பூட்ஸும் போடுங்கள். எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் காய்ச்சல் நம் ஊரில் விளையாட்டல்ல. கையில் காயம் இருந்தாலோ வெள்ளம் வடிந்த உடனேயோ ஆற்றில் இறங்க வேண்டாம். அரை வாளிச் சேறும் அதே ஆற்றுத் தண்ணீரும் போதும். கல், குச்சி, இலைகளைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

இனி ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தலின் கழுத்தை வெட்டுங்கள். அரைத்தாள் பழைய பேப்பரைப் பொடியாகக் கிழித்து, அவித்த முட்டையின் மஞ்சள் கரு, நொறுக்கிய ஓடு இரண்டையும் சேர்த்து, கொஞ்சம் சேற்றில் பிசையுங்கள். பேப்பர் நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு, மஞ்சள் கருவில் கந்தகம், ஓட்டில் கால்சியம் கார்பனேட். இந்தக் கலவை போத்தலின் அடியில் மூன்றில் ஒரு பங்கு. அதன் மேல் வெறும் சேறு, அதற்கும் மேல் மூன்று விரல் உயரத்துக்கு ஆற்றுத் தண்ணீர். காற்றுக்குமிழ் நிற்காமல் தட்டித் தட்டி நிரப்புங்கள். மேலே பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகக் கட்டினால் போதும். முதல் தடவை நான் கழுத்தை வெட்டாமல் மூடியை இறுக்கித் திருகிவிட்டேன். போத்தல் உப்பி, திறந்தபோது அடித்த வாடையில் அம்மா அதைக் கொல்லைக்கு நாடு கடத்திவிட்டார்.

வெளிச்சம் படட்டும், நேர் வெயில் வேண்டாம். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது? நம்மைப் போலவே மேலே இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனில் சுவாசிக்கின்றன. சேற்றில் அது சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே தீர்ந்துவிடும். அந்த மெல்லிய படலத்தில் சில பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. ஆக்சிஜன் எட்டாத கீழ்ப்பகுதியில் வேறு சில, அந்த நைட்ரேட்டையே 'சுவாசித்து' நைட்ரஜன் வாயுவாகக் காற்றுக்குத் திருப்பி அனுப்புகின்றன. உரம் போட்ட மறுநாளே மழை கொட்டினால் யூரியாவில் ஒரு பங்கு லோங்காங் (வடிகால்) வழியாக ஆற்றுக்குத்தானே போகிறது? அதில் கொஞ்சத்தை இந்தச் சேறு வாங்கிக் காற்றில் விட்டுவிடுகிறது, கூலி கேட்காமல்.

நைட்ரேட் தீர்ந்தால் அடுத்து 'சுவாசிக்க' துருப்பிடித்த இரும்பு, அதுவும் தீர்ந்தால் சல்பேட் என்ற கந்தக உப்பு. சல்பேட்டைப் பிடித்தவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் முட்டை நாற்றம். அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு.

உரத்தில் உள்ள இன்னொரு சத்தான பாஸ்பரஸின் கதை வேறு. அதற்கு வாயுவாகித் தப்பிக்கும் வழி கிடையாது. துருப்பிடித்த இரும்போடு ஒட்டிக்கொண்டு சேற்றிலேயே கிடக்கும். ஆக்சிஜன் போய் அந்த இரும்பு கரையும்போது பாஸ்பரஸும் கூடவே தண்ணீருக்கு வந்துவிடும். ஆகவே குப்பை சேர்ந்து மூச்சுத்திணறும் சேறு, சேமித்ததையும் கக்கிப் பாசியை வளர்க்கும்.

இரண்டு வாரத்தில் கறுப்புத் திட்டுகளும் மேலே பச்சைப் பாசியும் தெரியலாம். ஊதாவும் பச்சையுமாகக் கந்தக பாக்டீரியாக்கள் வெளிச்சப் பக்கம் தலைகாட்ட ஒன்றிரண்டு மாதம் ஆகும். அவசரப்பட்டுக் கலக்கிவிடாதீர்கள்.

முடிந்தால் இன்னொரு போத்தலை அலுமினியத் தாளில் சுற்றிப் பக்கத்திலேயே வையுங்கள். பிரித்துப் பார்க்கும் நாளில் கறுப்பு இருக்கும், ஊதா இருக்காது. கடைசியில் சேற்றை சிங்க்கில் ஊற்றாமல் வாழைமரத்தடியில் கொட்டிவிடுங்கள், வீட்டில் யாரும் சாப்பிட உட்காராத நேரமாகப் பார்த்து.