கருவின் போக்குவரத்து: உயர்தரப் பிள்ளைகள் விடும் பிழைகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மாதிரி வினாத்தாள்களைத் திருத்தும்போது, கலத்தின் கருவுடைய பகுதிகளை ஒன்றுவிடாமல் குறித்த பிள்ளைகள்கூட அதன் தொழிலில் புள்ளியை விட்டுவிடுவதைப் பார்க்கிறேன். ஒவ்வொரு பொருளும் எங்கே உண்டாகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுப் படித்தால் பாதிப் பிழை வராது.

கருவைச் சுற்றிய உறையிலுள்ள கருத்துளையை வெறும் ஓட்டையாக நினைப்பதுதான் பெரிய பிழை. முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் தன்பாட்டில் கடலுக்கு ஓடும், கருத்துளை அப்படியில்லை. சுமார் 30 வகைப் புரதங்கள் சேர்ந்த அமைப்பு அது. அயன்களும் சிறு மூலக்கூறுகளும் தாமாகவே கடக்கும். ஏறத்தாழ 40 கிலோடால்ரனை (மூலக்கூற்றுத் திணிவின் அலகு) தாண்டிய புரதம் உள்ளே போக, அதன் அமினோ அமிலத் தொடரிலேயே ஓர் அடையாளம் வேண்டும். அதைப் பிடித்துக் கூட்டிப்போவது இம்போர்ட்டின் என்ற காவிப் புரதம். கருவுக்குள் ரான் என்ற புரதம், ஏ.ரீ.பி. போன்ற சக்தி மூலக்கூறான ஜீ.ரீ.பி.யுடன் வந்து இம்போர்ட்டினோடு இணைய, சுமந்து வந்த புரதம் கழன்றுவிடும். இதை ஏ.ரீ.பி. செலவழிக்கும் பம்பி என்று எழுதாதீர்கள். திசையைத் தீர்மானிப்பது ரான்தான்; ஜீ.ரீ.பி. உடைவது வெளியே, குழியவுருவில்.

உள்ளே போனதும் அந்த அடையாளம் வெட்டப்படும் என்றும் சிலர் எழுதுகிறார்கள். வெட்டப்படாது. கலம் இரண்டாகப் பிரியும் இழையுருப்பிரிவில் நமது கலங்களின் கருவுறை கலைந்து, புரதங்கள் குழியவுருவில் கலந்துவிடும். மகட்கருக்கள் அமையும்போது அவை திரும்ப உள்ளே வர அதே அடையாளம்தானே வேண்டும்!

அப்புறம், ‘புன்கரு இறைபோசோமைச் செய்து வெளியே அனுப்புகிறது’ என்ற வரி. புன்கரு கருவுக்குள் இருக்கும் அடர்ந்த பகுதி; இறைபோசோம் புரதம் தொகுக்கும் நுண்ணுறுப்பு. அந்த வரி அரைகுறை விடை. மனித இறைபோசோமில் சுமார் 80 புரதங்கள் உண்டு. அவற்றைத் தொகுப்பதற்கான தகவலைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ. கருவிலிருந்து வெளியேற வேண்டும். புரதங்கள் குழியவுருவில் தொகுக்கப்பட்டு, துளை வழியே திரும்ப உள்ளே வந்து, புன்கருவில் இறைபோசோம் ஆர்.என்.ஏ.யுடன் சேர வேண்டும். பிறகு பெரிய, சிறிய உபஅலகுகள் தனித்தனியே வெளியேறும். முழு இறைபோசோமாக அவை பொருந்துவது குழியவுருவில்தான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இந்தப் போக்குவரவை அம்புக்குறி போட்டு ஒருமுறை கீறிப் பாருங்கள், மறக்காது.

புன்கருவைச் சுற்றி மென்சவ்வு கிடையாது. படத்தில் அங்கே கோடு போடாதீர்கள். கருவுறைக்கு இரண்டு மென்சவ்வுகள். துளையின் விளிம்பில் இரண்டும் வளைந்து ஒன்றுசேர்வதைக் காட்டுங்கள். வெளிமென்சவ்வை, குழியவுருவிலுள்ள மென்சவ்வு வலையான அகமுதலுருச் சிறுவலையோடு தொடர்ச்சியாகக் கீறுங்கள்.