வீட்டில் மின்கலம் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் ஒரு பள்ளிக் கண்காட்சியில், செம்பும் துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. ஆணியும் செருகிய நான்கு எலுமிச்சம்பழங்களைத் தொடராக இணைத்திருந்த மாணவி ஒருத்தி, மல்டிமீட்டர் 3.6 வோல்ட் காட்டியும் வெள்ளை எல்இடி எரியாததால், பல்புதான் கெட்டது என்று முடிவுகட்டி மூன்றாவது பல்பையும் மாற்றிக்கொண்டிருந்தாள். பல்பில் குறையில்லை, மீட்டரும் பொய் சொல்லவில்லை. மின்னழுத்தத்தை மட்டும் பார்த்துக் கலத்தை மதிப்பிட்டதே தவறு.

டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம் என்பதால், அது கலத்திலிருந்து மின்னோட்டத்தை எடுப்பதே இல்லை என்று சொல்லலாம். எல்இடி எடுக்கும். அப்போதுதான் கலத்தின் சொந்தத் தடை வெளிப்படுகிறது. ஒரு பழத்தின் இரு முனைகளுக்கும் இடையே 1,000 ஓம் மின்தடையை இணைத்து மீண்டும் அளந்து பாருங்கள். 0.9 வோல்ட் 0.3 ஆகச் சரிந்தால், ஓடுவது 0.3 மில்லிஆம்பியர்தான், கலத்தின் உள்தடை 2,000 ஓம். பழங்களைத் தொடராகச் சேர்க்கச் சேர்க்க இந்தத் தடையும் கூடும். ஆகவே எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, அகலமான தகடுகளை நெருக்கமாக, ஆனால் ஒன்றையொன்று தொடாமல் செருகுவது நல்லது. பல்பும் ஏறத்தாழ 1.8 வோல்ட்டில் ஒளிரும் சிவப்பாக இருக்கட்டும்.

மின்சாரத்தைப் பழம் தருவதாக நினைப்பதும் சரியன்று. கரைந்து எலக்ட்ரான்களைத் தருவது துத்தநாகமே. அதனால்தான் ஜி.ஐ. ஆணியை உப்புத்தாள் கொண்டு பளபளவென்று தேய்ப்பவர்கள், தங்களுக்குத் தேவையான துத்தநாகப் பூச்சையே தேய்த்து எறிந்துவிடுகிறார்கள். தேய்க்க வேண்டியது செம்பைத்தான். அதிலும் மோட்டாரிலிருந்து எடுத்த செம்புக்கம்பி என்றால் மேலுள்ள வார்னிஷ் முழுதும் போகவேண்டும். இப்போதைய ஒரு ரூபாய் நாணயம் துருப்பிடிக்காத எஃகு என்பதால் செம்புக்கு ஈடாகாது. சற்று நேரத்தில் மின்னோட்டம் குறைவதற்குச் செம்பின்மேல் படியும் ஹைட்ரஜன் குமிழ்களும் காரணம். ஆங்கில வேதியியலாளர் டேனியல் 1836இல் செம்பு சல்பேட் கரைசலைக் கொண்டு தீர்த்த சிக்கல் இது. நமக்கு அவ்வப்போது துடைத்தாலே போதும்.

சிரட்டைக்கரியும் அலுமினியத் தாளும் கொண்ட கலம் இதைவிட வலுவானது. புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பைக் கரைத்தால் போதும். லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரும் ஆகும். ஆனால் இக்கலம் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டே இயங்குவதால், கரியை உப்புநீரில் மூழ்கடிப்பதும் பாலித்தீனால் இறுகச் சுற்றுவதும் அதன் மூச்சை அடைக்கும். அரைகுறையாக வெந்த கரி மின்சாரத்தைக் கடத்தாது. தாளும் கரியும் நேரே ஒட்டினால் குறுக்குச்சுற்றாகும். நடுவே உப்புநீரில் நனைத்த காகிதம் கட்டாயம்.

இத்தகைய கலங்களைச் சார்ஜரில் இணைக்கவே கூடாது: உப்புநீரில் மின்சாரம் பாய்ந்தால் குளோரின் வாயு வெளிவரக்கூடும். கரித்தண்டுக்காகப் பழைய பேட்டரியை உடைப்பதும் வேண்டாம். அல்கலைன் வகையில் தோலை அரிக்கும் காரம் இருக்கிறது. லித்தியம் வகை தீப்பிடிக்கும். ஆணி செருகிய எலுமிச்சம்பழத்தில் துத்தநாகம் கரைந்திருக்கும் என்பதால், அதைச் சர்பத்துக்குப் பிழியாமல் தூர எறியுங்கள்.